அக்டோபர் 20ஆம் தேதிப் பட்டாம்பூச்சிகள் குறித்து விளக்கம்

நாயுடுபுரம், கொடைக்கானல்.
2-12-1963, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி செல்லப்பாண்டிக்கு, உன் தாய்மாமன் தண்டாயுதபாணி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை சுந்தராம்பாளும் ஆளுக்கு இரண்டு கம்பளிக்குள் சௌக்கியம். மதுரையில் நீயும் வத்தலக்குண்டில் உன் அம்மாவும் சௌக்கியமாக இருக்கப் பழனியாண்டவர் துணை இருப்பார். அக்காவின் முழங்கால் வலிக்கு உன் அத்தை ஒரு சீசா யூகலிப்டஸ் தைலம் வாங்கி வத்தலக்குண்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். அது அக்கா கைக்கு வந்ததா, கண்டக்டர் முழங்காலுக்கே போய்விட்டதா என்று கேட்டு எழுதவும். நிற்க.

உன் 26-11-63 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. நான் அனுப்பிய பட்டியலைப் பார்த்துவிட்டு அதில் நீ கேட்டிருப்பது நாலே வரி. “மாமா, அக்டோபர் 20ஆம் தேதிக்கு எதிரே குறிப்புக் கலத்தில் ‘வழிப்போக்கு, சேர்க்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன? ஒரே வகைப் பூச்சி கூட்டமாக மலையேறி ஒரே திசையில் போனதைப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் எத்தனை, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று உடனே எழுதுங்கள். என் ஆராய்ச்சியே அதுதான்.” இந்த நாலு வரியைப் படித்துவிட்டு நான் காபியை ஆறவிட்டேன். ஆராய்ச்சியே அதுதான் என்றால் அதை ஜனவரி மாதமே என்னிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா? முன்கூட்டிச் சொன்னால் மாமா கண்ணில் படாததையும் சேர்த்து எழுதிவிடுவார் என்று பயந்து சொல்லாமல் இருந்ததாக நீயே கடைசியில் எழுதியிருக்கிறாய். தாய்மாமனைப் பற்றி உனக்கு இருக்கிற மதிப்பு அவ்வளவுதான். அது தப்பு என்று அடித்துச் சொல்ல முடியாதபடியால் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

விஷயத்தின் அவசரம் எனக்குப் புரிகிறது. கட்டுரையை இந்த மாதம் 31ஆம் தேதிக்குள் நீ கொடுத்தாக வேண்டும். புரொபசர் அதில் கையெழுத்துப் போட்டால்தான் ஜனவரியில் காலியாகிற லெக்சரர் வேலைக்கு உன் பெயர் போகும். போகாவிட்டால் அடுத்த அக்டோபர் வரை காத்திருந்து மறுபடி எண்ண வேண்டும், அதற்குள் அந்த நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான். அக்கா வேறு உனக்கு வேலை கிடைத்தே விட்டதாக வத்தலக்குண்டில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இவ்வளவும் என் நோட்டில் ஒரு கலத்தில் இருக்கிறது. அந்தக் கலத்தில் நான் போட்டிருக்கிற மொத்தம் பதினேழு. ஆகவே, ஆபீஸ் வழக்கப்படி ஆதியிலிருந்து விளக்கம் எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும்.

சென்ற ஜனவரியில் நீ இங்கே வந்து, படம் வரைந்த அட்டை ஒன்றைக் கொடுத்து, “மாமா, நீங்க ரெண்டு சென்சஸ் எடுத்தவரு, உங்களுக்கு இது ஒரு சோலியா? ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்குக் கெளம்பி, ஒரே பாதையில மெதுவா நடக்கணும், ரெண்டு பக்கமும் அஞ்சடிக்குள்ள வர்ற பட்டாம்பூச்சிய வகைவாரியா எழுதணும், அவ்வளவுதான்” என்று சொல்லி என்னை உச்சி குளிர வைத்துவிட்டுப் போனாய். நானும் வீட்டிலிருந்து வில்பட்டிப் பாதையில் இறங்கி, பூண்டுக் காடுகளுக்கு மேலாகப் பிரியும் ஒற்றையடிப் பாதையில் நடந்து, சின்னச் சோலை ஒன்றுக்குள் புகுந்து, அதைத் தாண்டி வெட்டவெளியில் இருக்கிற பாறை வரை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு செய்துகொண்டேன். ஆனால் சென்சஸ் எடுத்தவன் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனது உன் முதல் தவறு. சென்சஸில் தலையாய விதி, ஒருவரையே இரண்டு முறை எண்ணக் கூடாது என்பது. போகும்போது பார்த்த வெள்ளைப் பூச்சியே திரும்பும்போதும் எதிரே வந்து நின்றால் என்ன செய்வது? யோசித்து, குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து ஒரு டப்பியில் எடுத்துக்கொண்டு போய், எண்ணி முடித்த பூச்சிக்கு இறக்கையில் ஒரு பொட்டு வைப்பது என்று தீர்மானித்தேன். முதல் பூச்சியைப் பிடிக்கும்போதே அதன் இறக்கைத் தூள் முழுவதும் என் விரலில் வந்துவிட்டது, அது பாதி வெளுத்துப்போய்த் தள்ளாடிப் பறந்தது. எனக்கு ரொம்பச் சங்கடமாகிவிட்டது. இரண்டாவதைப் பிடிக்கப் போய் ஓடையில் விழுந்தேன். குங்குமமும் எண்ணெயும் வேட்டியில் கொட்டி, அந்தக் கோலத்தில் நான் வீடு வந்து சேர்ந்தபோது உன் அத்தை ரத்தம் என்று நினைத்து அலறியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் டாக்டரையே கூட்டி வந்துவிட்டார்கள். இதை நான் உனக்கு அப்போது எழுதவில்லை.

பிப்ரவரியில் வேறு முறை. வீட்டுக்கு நம்பர் போடாமல் எந்த ஜனத்தொகைக் கணக்கும் நடந்ததில்லை என்பதால், பாதையோரச் செடிகளுக்குச் சுண்ணாம்பால் ஒன்று முதல் அறுபத்து நாலு வரை இலையில் நம்பர் போட்டேன். அடுத்த ஞாயிறு நான் போனபோது, பூண்டுக் காட்டுக்காரி ஒருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டாம் நம்பர் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெயர் சோலையம்மாள், ஐம்பது வயதிருக்கும், பாதைக்குக் கீழே அடுக்கடுக்காக இருக்கிற பாத்திகள் அவளுடையவை. “என்னங்க இது நம்பரு? ரோடு வருதா, இல்ல எங்களக் காலி பண்ணச் சொல்லப் போறாங்களா?” என்று கேட்டாள். பட்டாம்பூச்சி எண்ணுகிறேன் என்றேன். “வரி போடவா?” என்றாள். வரி இல்லை, சும்மாதான் என்றேன். “சும்மா எண்ணுறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?” சம்பளமும் இல்லை, ரிட்டயர் ஆகிவிட்டேன் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. “வீட்டுல அம்மா இருக்காங்கல்ல? தனியா விடுறாங்களா?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, மடியிலிருந்து இரண்டு கேரட் எடுத்துக் கொடுத்தாள். எனக்குப் புத்தி பிசகிவிட்டதாக அவள் முடிவு கட்டிவிட்டாள் என்பது பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கேரட்டை அதற்குள் தின்றுவிட்டேன்.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. பின்கட்டில் உன் அத்தை போட்டிருந்த முட்டைக்கோஸ் வரிசையில் வெள்ளைப் பூச்சி முட்டை வைத்துப் புழு வந்தது. புழு என்பது மைனர், மைனரையும் ஜனத்தொகையில் சேர்க்க வேண்டுமே என்று நான் அவற்றைத் தொடக் கூடாது என உத்தரவு போட்டேன். பதினோரு கோஸ் போயிற்று. “உங்க சனத்தொகை என் கோச முழுசாத் தின்னுட்டுப் பறந்துருச்சு, இனிமே உங்களுக்குக் கூட்டு யாரு வெக்கிறது, அதுகளா?” என்று உன் அத்தை இன்றுவரை கேட்கிறாள். புழு கணக்கில் வராது என்று நீ ஏப்ரலில்தான் எழுதினாய்.

இப்படியெல்லாம் அடிபட்டு மே மாதத்துக்குள் எனக்கு வேலை பிடிபட்டுவிட்டது. உன் அட்டையில் இருந்த இங்கிலீஷ் பெயர்கள் என் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். யாரையும் லட்சியம் பண்ணாமல் உயரத்திலேயே மிதந்து போகிற பெரிய கறுப்பு மஞ்சளுக்குத் தாசில்தார். எல்லா இடத்திலும் மூக்கை நுழைத்துத் தரையோடு தரையாக ஓடுகிற குட்டிக்குப் பியூன். கறுப்பில் வெளிர்நீலத் திட்டுத் திட்டாக, மை ஒற்றிய காகிதம் மாதிரி இருப்பதற்குப் பிளாட்டிங் பேப்பர். ஒன்று சொல்கிறேன், கேள். இந்தப் பாதை நான் முப்பது வருஷம் குப்பை கொட்டிய ரெவின்யூ ஆபீஸிலிருந்து இரண்டு மைல். இதை ஒட்டின காடு, வீடு, மாடு எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியவன் நான். ஒரு நாளாவது இதில் நடந்ததில்லை. மேகம் வெயிலை மறைத்த மாத்திரத்தில் அத்தனை பூச்சியும் இலைக்கடியில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதும், வெயில் திரும்பினால் முதலில் இறக்கையை விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் கிளம்பும் என்பதும் எனக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. நானும் அந்த நேரத்தில் பாறையில் உட்கார்ந்து முதுகைக் காயவைத்துக்கொள்வேன். நல்ல சுகம்.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு ஞாயிறு ஒரு பூச்சிகூட இல்லை. என்ன எழுதுவது என்று உனக்குக் கார்டு போட்டேன். “பூச்சியம்னு போடுங்க மாமா, அதுவும் கணக்குத்தான்” என்று பதில் போட்டாய். உனக்கு அது சுலபம். ஆபீஸில் எவனும் பூச்சியம் போட மாட்டான். போட்டால் மேலிடத்திலிருந்து மெமோ வரும், ஏன் பூச்சியம், நேரில் போனாயா, யார் சாட்சி என்று. அதற்குப் பதிலாகப் போன வருஷத்து எண்ணோடு இரண்டைக் கூட்டி எழுதினால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். கேழ்வரகு விளைச்சல், கறவை மாடு, குடிசை, கிணறு எல்லாம் நாற்காலியில் இருந்தபடியே. என் எண்கள் புத்தகத்தில் அச்சாகிக்கூட வந்திருக்கின்றன. சோலைக்குள் மழையில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த நோட்டில் முதல் முறையாக ஒரு பூச்சியம் போட்டபோது எனக்குக் கை கூசியது. போட்டபின் ஒருவரும் மெமோ அனுப்பவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மழை வலுத்து, சோலையம்மாள் தன் குடிசைக்குள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கடுங்காப்பி கொடுத்தாள். அதற்குள் அவளுக்கு என் பேரில் பயம் தெளிந்து, ‘பூச்சி ஐயா’ என்று கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். குடிசைக் கூரையில் பாதி தகரம், பாதி புல். தகரத்தை ஏன் பாதியோடு விட்டாய் என்று பேச்சுக்குக் கேட்டேன். “அது ஒரு கதைங்க. ஒரு பொயல் அடிச்சுச்சுல்ல, எங்க ஊருக் கூரையெல்லாம் பறந்து போச்சு. வீட்டுக்கு இத்தனன்னு தகரம் குடுத்தாங்க. ஊருல முப்பத்தெட்டு வீடு. ஆபீசுக் கணக்குல முப்பத்தொண்ணுதான் இருக்குன்னு முப்பத்தொரு வீட்டுக்குத்தான் வந்துச்சு. எங்களோட சேத்து ஏழு வீட்டுக்கு இல்ல. யாரோ ஒக்காந்த எடத்துல எழுதிட்டான் போல. இது பெறகு அக்கம்பக்கம் வாங்கிப் போட்டது” என்று அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். அந்த முப்பத்தொன்றை எழுதியது நான். அதற்கு முந்தின வருஷம் இருபத்தொன்பது என்று இருந்தது, இரண்டைக் கூட்டினேன். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

20-10-63 ஞாயிறு. முதல் நாள் வரை மழை, அன்று நல்ல வெயில். வழக்கம்போல் ஒன்பது மணிக்குக் கிளம்பி, சோலை வரை வெள்ளை ஒன்பது, பியூன் ஆறு, தாசில்தார் இரண்டு, ஆக மொத்தம் பதினேழு எழுதி, ஒன்பதே முக்காலுக்குப் பாறைக்கு வந்து சேர்ந்தேன். அப்போது பழனிப் பக்கத்துச் சரிவிலிருந்து பிளாட்டிங் பேப்பர் வகைப் பூச்சிகள் கணிசமான எண்ணிக்கையில் மேலேறி வந்து, பாதையைக் குறுக்கே கடந்து, தென்மேற்காகச் சென்றன. எந்தப் பூவிலும் அவை உட்காரவில்லை. இந்நிலையில், வழக்கமாகக் குடியிருப்பவரை மட்டுமே அந்தந்த ஊர் ஜனத்தொகையில் சேர்க்க வேண்டும் என்கிற விதி என் நினைவுக்கு வந்தது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தை வழியிலிருக்கிற ஒட்டன்சத்திரத்து ஜனத்தொகையில் சேர்த்தால் அந்த ஊர் என்னத்துக்கு ஆகும்? அதுபோல மேற்படி பூச்சிகளும் வேறெங்கோ குடியிருந்து வேறெங்கோ போகிறவை என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெளிவானதால், விதிப்படி அவற்றை நீக்கி, ‘வழிப்போக்கு, சேர்க்கவில்லை’ என்று குறிப்பு எழுதினேன். நான் படித்த விதி அது. மனிதருக்கு எழுதிய விதி பூச்சிக்குப் பொருந்தாது என்று நீ சொல்லலாம். அதை நீ முன்னாலேயே எழுத்து மூலம் தெரிவித்திருக்க வேண்டும்.

போனது போகட்டும். உன் எதிர்காலத்தை உத்தேசித்து, திருத்திய பட்டியல் ஒன்று தயார் செய்து இத்துடன் இணைத்திருக்கிறேன். 20-10-63 தேதிக்கு எதிரே பிளாட்டிங் பேப்பர் 4,216 என்று காட்டியிருக்கிறேன். நிமிஷத்துக்கு முப்பத்தைந்து என்று வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு 4,200. பூச்சியத்தில் முடிகிற எண்ணைப் பார்த்தால் எந்த மேலதிகாரிக்கும் சந்தேகம் வரும், ஆகையால் ஒரு பதினாறு. இது அனுபவத்தில் கற்றது, உன் காலேஜில் சொல்லித்தர மாட்டார்கள். புது நோட்டில், அதே பேனாவில், ஆண்டு முழுவதையும் நகல் எடுத்து, அந்த ஞாயிறு பக்கத்தில் மழைத்துளி பட்டாற்போல இரண்டு சொட்டுத் தண்ணீரும் தெளித்திருக்கிறேன். புரொபசர் தாராளமாகக் கையெழுத்துப் போடுவார். முப்பது வருஷத்தில் என் எண்ணைத் திருப்பி அனுப்பியவர் எவரும் இல்லை.

நீ நல்லபடியாக லெக்சரராகி, அக்கா மனம் குளிரும்படி தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. ஓட்டலில் பரோட்டா சாப்பிடாதே. அக்காவுக்கு என் நமஸ்காரத்தைத் தனிக் கார்டில் எழுதித் தெரிவிக்கவும். உன் அத்தை உனக்குப் பேரிக்காய் அனுப்ப வேண்டும் என்கிறாள், பஸ் கண்டக்டர் விஷயம் தெளிவான பிறகு அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
உன் மாமன்,
சு. தண்டாயுதபாணி

பின்குறிப்பு. 4-12-63, புதன்கிழமை. மேலே எழுதியதைத் தபாலில் சேர்க்கவில்லை. என் கடிதம் எதுவும் உன் அத்தை படிக்காமல் இந்த வீட்டை விட்டுப் போவதில்லை. தன்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று பார்ப்பாள். கோஸ் விஷயம் வருகிற இடம் வரை சும்மா படித்தாள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே கடைசி வரை படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அன்னிக்கு மத்தியானம் வந்து சட்டமா பேசுனீங்க?” என்றாள். “சாப்பாடு போட்டா எலையில கைய வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. என்னங்கன்னு கேட்டா, நீயும் வந்திருக்கலாம் சுந்தரான்னு சொன்னீங்க. கல்யாணமாகி முப்பத்திநாலு வருசத்துல ஒரு எடத்துக்கு நீயும் வந்திருக்கலாம்னு நீங்க சொன்னது அது ஒண்ணுதான். அத ஏன் எழுதல? முப்பத்தொண்ணு போதாதுன்னு இப்ப நாலாயிரமா?” என்று சொல்லிவிட்டு, இணைப்பைக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். நகல் எடுக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று.

ஆகவே, செல்லப்பாண்டி, 4,216 பொய். விதி என்று எழுதியதும் பொய். விதி என் நினைவுக்கு வந்தது பாறையில் இல்லை. திரும்பி வரும்போது, நாயுடுபுரம் முக்குக்கு வந்து நோட்டைத் திறந்து, கலம் காலியாக இருப்பதைப் பார்த்துப் பயந்த பிறகு. நடந்தது இதுதான். பாறையில் உட்கார்ந்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தொன்று வரை எண்ணினேன். அவை சரிவுக்குக் கீழே பனிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தன. சில என் தலைக்கு மேல், சில முழங்கால் உயரத்தில், ஒன்று என் தோளை உரசிவிட்டுப் போனது. ஒன்றுகூட வேகமாகப் போகவில்லை, ஒன்றுகூட நிற்கவும் இல்லை. எண்ணினால் பார்க்க முடியவில்லை. அதனால் எண்ணுவதை விட்டுவிட்டேன். நோட்டு மடியில் இருந்தது, பென்சில் காதில் இருந்தது. எனக்கு உன் நினைவு வரவில்லை, உன் ஆராய்ச்சி நினைவும் வரவில்லை. எனக்குக் கண் கலங்கியது. ஐம்பத்தெட்டு வயதில் இதை அக்கா மகனுக்கு எழுத வெட்கமாக இருந்தது, அதனால் சட்டம் எழுதினேன்.

நீ நேரமும் கேட்டிருந்தாய். என்னிடம் கடிகாரம் இருந்தது, பார்க்கவில்லை. நேற்றுக் காலை வெள்ளனே கிளம்பிப் போய்ச் சோலையம்மாளைக் கேட்டேன். “மணியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நீங்க பாறையில ஒக்காந்தப்ப நான் மேப்பாத்தியில களையெடுக்க எறங்குனேன். ரெண்டு பாத்தி முடிச்சுட்டு நிமுந்து பாக்குறேன், பூச்சியும் போய்க்கிட்டே இருக்கு, நீங்களும் ஒக்காந்துக்கிட்டே இருக்கீங்க. கூப்பிட்டேன். நீங்க காதுலயே வாங்கல” என்றாள். ஒரு பாத்திக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. கீழ்ப்பாத்தியில் களை கிடந்தது. அவள் எடுக்க எடுக்க நான் வரப்பில் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி பத்து நிமிஷம். நடுவில் ஒருமுறை அவள் தண்ணீர் குடித்தாள், அன்றைக்கும் குடித்தாளாம். ஆக இரண்டு பாத்திக்கு இரண்டு மணி இருபது நிமிஷம். இது நேரில் நின்று பார்த்தது.

அங்கே நிற்கும்போதே முப்பத்தொன்றையும் சொல்லிவிட்டேன். அவள் நிமிரவில்லை. “தெரியுங்க. அப்ப நாங்க மனு குடுக்க வந்தப்ப நீங்கதான் கைநீட்டி வாங்குனீங்க. நம்பரப் பத்திக் கேட்ட அன்னிக்கே மொகத்தப் பாத்தேன், பித்துப் பிடிச்சுருச்சோன்னுதான் சும்மா இருந்தேன். அன்னிக்குக் காப்பி குடுத்துச் சொன்னது தெரிஞ்சுதான் சொன்னேன்” என்று களையை உதறிக்கொண்டே சொன்னாள். அந்தப் பாத்தி முடிகிற வரை வரப்பில் நின்றுவிட்டு வந்தேன்.

அந்தத் தேதிக்கு இப்படி எழுதிக்கொள். வகை: கறுப்பில் வெளிர்நீலத் திட்டு. திசை: பழனிச் சரிவிலிருந்து தென்மேற்கு. நேரம்: காலை 9.45 முதல் 12.05க்குப் பிறகும், எப்போது நின்றது தெரியாது. எண்ணிக்கை: எண்ணவில்லை. காரணம்: எண்ண வேண்டியவர் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். உன் புரொபசர் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் எனக்கு ஒரு கார்டு போடு. முதல் பஸ்ஸில் இறங்கி வந்து அவர் மேஜைக்கு முன்னால் நின்று இதையே சொல்கிறேன். அப்படியும் வேலை கிடைக்காமல் போனால், அக்காவிடம் நீ ஒன்றும் சொல்லாதே. நானே வத்தலக்குண்டில் இறங்கி அவளிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.